குட்டைக்கு வரும் தூண்டில்: ரீலின் அடியில் இருக்கும் முடிச்சையும் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் பக்கமிருந்து அடையாறு கழிமுகத்தைப் பார்த்தால், தூண்டில் போடுபவர்கள் இரண்டு வகையாகத் தெரிவார்கள். ஒரு வகை, குப்பத்துப் பிள்ளைகள். தண்ணீர் பாட்டிலிலோ மரக்கட்டையிலோ தங்கூசி நரம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு, கையாலேயே வீசி ஜிலேபியும் மடவையும் பிடிப்பார்கள். இன்னொரு வகை, மயிலாப்பூர், தி.நகர், அடையாறு அடுக்குமாடிகளிலிருந்து வருபவர்கள். கையில் கார்பன் கம்பு, பளபளக்கும் ரீல், அதில் பச்சை அல்லது மஞ்சள் நிறத்தில் மெல்லிய பின்னல் நூல். 'பிரெய்டு' என்று கடையில் கேட்டு வாங்குவது அதைத்தான்.

இந்த இரண்டாவது வகையினர்தான் இப்போது உங்கள் பண்ணைக்குட்டைக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். வருவதற்குக் காரணம் உண்டு. மாநகருக்குள் நிம்மதியாகத் தூண்டில் போட இடம் குறைவு. மீன்வளத் துறை சேத்துப்பட்டு ஏரியைச் சீரமைத்து, படகு சவாரியோடு தூண்டில் போடவும் இடம் ஒதுக்கி 2016-இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தது. அதை விட்டால் கழிமுகமும் கடற்கரையும்தான். கழிமுகத்தில் கழிவுநீர் கலக்கிறது. பிடித்த மீனை வீட்டுக்கு எடுத்துப் போக மனம் வராது. அதனால் கிழக்குக் கடற்கரைச் சாலையையும் பழைய மாமல்லபுரம் சாலையையும் பிடித்துத் திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம் என்று வண்டியைத் திருப்புகிறார்கள். நல்ல தண்ணீரில் வளர்ந்த கட்லாவும் ரோகுவும் உள்ள குட்டையைப் பார்த்தால், பணம் கொடுத்துத் தூண்டில் போட ஆசைப்படுகிறார்கள்.

இதை நான் வரவேற்கிறேன். வலை போட்டு மொத்தமாக அள்ளி வியாபாரியிடம் விற்பதைவிட, தூண்டில் கட்டணமும் மீன் விலையும் தனித்தனியாகக் கைக்கு வருவது குட்டைக்காரருக்கு நல்லது. ஆனால், இதற்கு இறங்கும் விவசாயிகளிடம் குளம் வெட்டுவது, குஞ்சு விடுவது, தீவனம் போடுவது பற்றியெல்லாம் பேசும் நாம், வாசலில் வந்து நிற்கும் தூண்டிலைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதனால் வரும் நட்டம் முழுவதும் குட்டைக்காரர் தலையில் விழுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஒரு குட்டையில் கண்டது

செங்கல்பட்டு மாவட்டத்தில், உளுந்து வயல் பார்க்கப் போன இடத்தில் ஒரு விவசாயி தன் குட்டையைக் காட்டினார். அரை ஏக்கர். கட்லா, ரோகு, மிர்கால், கொஞ்சம் புல்கெண்டை. அன்று சென்னையிலிருந்து நான்கு பேர் தூண்டில் போட வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய ரீல் புத்தம் புதியது. முந்தின நாள்தான் பின்னல் நூல் வாங்கி, தானே வீட்டில் சுற்றியிருந்தார்.

சுமார் மூன்று கிலோ கட்லா ஒன்று மாட்டியது. அவர் கைப்பிடியைச் சுற்றுகிறார். நூல் உள்ளே வரவில்லை. மீன் இழுக்கிறது, நூல் வழுக்கிக்கொண்டு வெளியே போகிறது. "டிராக் தளர்வாக இருக்கிறது" என்று நினைத்து, டிராக் திருகை இறுக்கினார். மறுபடியும் இறுக்கினார். பலனில்லை. கடைசியில் பதற்றத்தில் நூலையே கையில் சுற்றிப் பிடித்தார். விரல் வெட்டுப்பட்டு விட்டுவிட்டார். மீன் ஓடிய ஓட்டத்தில் ரீலிலிருந்த நூல் முழுவதும் உருவிக்கொண்டு, கடைசி நுனியும் கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது.

நூறு மீட்டருக்கு மேல் பின்னல் நூலை இழுத்துக்கொண்டு ஒரு மீன் குட்டைக்குள் திரிந்தது. நூல் காற்றூட்டும் கருவியின் துடுப்பில் சுற்றிக்கொண்டது. மோட்டாரை நிறுத்தி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கத்தியால் அறுத்து எடுக்க விவசாயிக்கு அரை நாள் ஆனது. இரண்டு நாள் கழித்து கட்லா செத்து மிதந்தது. மிச்ச நூல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

வந்தவர் கெட்டவர் அல்ல. வருத்தப்பட்டார், மீனுக்குப் பணமும் கொடுத்தார். ரீல் கெட்டுவிட்டது என்றுதான் அவர் போகும்வரை நினைத்தார். ரீலில் எந்தக் கோளாறும் இல்லை. பின்னல் நூலுக்கு அடியில் நரம்பு சுற்றாததுதான் கோளாறு.

பின்னல் நூல் ஏன் வழுக்குகிறது?

தூண்டில் நரம்பு நைலானால் ஆனது. நைலானை 1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் உருவாக்கினார்கள். நைலானுக்கு ஒரு குணம் உண்டு: இழுத்தால் கொஞ்சம் நீளும், விட்டால் திரும்பச் சுருங்கும். அதனால் ஸ்பூலில் சுற்றும்போது அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

பின்னல் நூல் வேறு சரக்கு. மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலிஎத்திலீன் இழைகளை நான்காகவோ எட்டாகவோ சேர்த்துப் பின்னியது. நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில் 1970-களின் இறுதியில் கண்டறிந்த முறையில் தயாராவது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் இழையாக வருகிறது. ஒரே தடிமனில் வைத்துப் பார்த்தால் நைலானைவிடப் பல மடங்கு வலுவானது. தண்ணீரில் மிதக்கும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் இந்த இழையை மீன்பிடி வலைகளுக்குப் பயன்படுத்தும் ஆய்வுகளைச் செய்திருக்கிறது. ஆனால், இதற்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, இழுத்தால் அநேகமாக நீளவே நீளாது. இரண்டு, மெழுகு தடவியதுபோல் வழுவழுப்பாக இருக்கும்.

ரீலின் ஸ்பூல் பெரும்பாலும் அலுமினியம். அதுவும் வழவழப்பு. வழுக்குகிற நூலை வழுக்குகிற உலோகத்தில் நேராகக் கட்டினால், எவ்வளவு இறுக்கி முடிச்சுப் போட்டாலும் அது ஸ்பூலைப் பிடிக்காது. இழுவை வரும்போது, சுற்றிய நூல் மொத்தமும் ஒரு வளையம்போல் ஸ்பூலின் மேல் சுழலும். ஸ்பூல் நின்ற இடத்தில் நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டிராக் பிடிக்காதது போலவே தெரியும். பசை போடாத பெல்ட் மோட்டார் சக்கரத்தில் வழுக்குவது போலத்தான் இது. மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடி நரம்பு என்ன செய்கிறது?

இதற்கு மருந்து எளிது. ஸ்பூலில் முதலில் கொஞ்சம் நைலான் நரம்பைச் சுற்ற வேண்டும். அதன் நுனியில் பின்னல் நூலை இணைத்து, மேலே சுற்ற வேண்டும். தூண்டில்காரர்கள் இதை 'பேக்கிங்' என்கிறார்கள். நாம் அடி நரம்பு என்று சொல்வோம். நரம்பு ஸ்பூலைப் பிடிக்கிறது. பின்னல் நூல் நரம்பைப் பிடிக்கிறது. வழுக்குவதற்கு இடமில்லை.

வழுக்காமல் இருக்க ஐந்து முதல் பத்து மீட்டர் நரம்பு போதும். ஆனால், அதற்கு மேலும் சுற்றுவதில் ஒரு லாபம் உண்டு. பின்னல் நூல் விலை கூடியது. நரம்பு விலை குறைந்தது. ரீலில் 250 மீட்டர் நூல் கொள்ளும் என்பதற்காக 250 மீட்டர் பின்னல் நூல் வாங்க வேண்டியதில்லை. அரை ஏக்கர் குட்டை சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 45 மீட்டர். மூலைக்கு மூலை 64 மீட்டர். எந்த மீனும் அதற்கு மேல் ஓட முடியாது. 100 மீட்டர் பின்னல் நூல் தாராளம். மிச்ச இடத்தை நரம்பால் நிரப்பிவிடலாம்.

எவ்வளவு நரம்பு என்பதற்கு ஒரு சிறு கணக்கு. நூல் ஸ்பூலில் அடைக்கும் இடம், அதன் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஸ்பூலின் மேல் '0.30 மி.மீ. – 150 மீட்டர்' என்று எழுதியிருக்கிறது. நீங்கள் சுற்றப் போவது 0.20 மி.மீ. பின்னல் நூல், 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.20-இன் வர்க்கம் 0.04, 0.30-இன் வர்க்கம் 0.09. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.44. அதாவது 100 மீட்டர் பின்னல் நூல், 44 மீட்டர் நரம்பின் இடத்தைத்தான் அடைக்கும். 150-இல் 44 போக, சுமார் 105 மீட்டர் 0.30 மி.மீ. நரம்பை அடியில் சுற்ற வேண்டும். மொத்தத்தில், ஸ்பூலின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக நிரம்பினால் சரி. அதற்கு மேல் நிரப்பினால் நூல் கொத்தாகச் சரிந்து சிக்கும். மிகக் குறைவாக இருந்தால் வீசும்போது விளிம்பில் உரசி தூரம் போகாது.

முடிச்சுகள் இரண்டு

மாட்டுக்குச் சுருக்குப் போடத் தெரிந்தவருக்கு இந்த முடிச்சுகள் கடினமில்லை.

முதல் முடிச்சு, நரம்பை ஸ்பூலில் கட்டுவது. நரம்பை ஸ்பூலைச் சுற்றிக் கொண்டு வாருங்கள். நுனியால், நீண்டு போகும் நரம்பின் மேல் ஒரு சாதா முடிச்சுப் போடுங்கள். அதே நுனியில், ஓர் அங்குலம் தள்ளி இன்னொரு சாதா முடிச்சு. இப்போது நீண்ட நரம்பை இழுத்தால் முதல் முடிச்சு சுருக்குப்போல் ஓடி ஸ்பூலை நெருக்கும். இரண்டாவது முடிச்சு வந்து அதில் முட்டி, நுனி உருவாமல் தடுக்கும். மிஞ்சிய நுனியை ஒட்ட வெட்டுங்கள்.

இரண்டாவது முடிச்சு, நரம்பையும் பின்னல் நூலையும் இணைப்பது. இதற்குப் பல முறைகள் உண்டு. கற்றுக்கொள்ள எளிதானது, இரட்டைச் சுருக்கு. தூண்டில்காரர்கள் 'டபுள் யூனி' என்பார்கள். இரண்டு நுனிகளையும் எதிரெதிராக, ஒரு சாண் அளவுக்கு ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வையுங்கள். நரம்பின் நுனியைத் திருப்பி ஒரு வளையம் செய்து, அந்த வளையத்துக்குள் இரண்டு இழைகளையும் சேர்த்து ஐந்து சுற்றுச் சுற்றி, பாதி இறுக்குங்கள். அதேபோல் எதிர்ப்பக்கத்தில் பின்னல் நூலின் நுனியால் எட்டுச் சுற்று. வழுக்குகிற நூல் என்பதால்தான் இதற்குக் கூடுதல் சுற்று. இரண்டு முடிச்சுகளையும் தண்ணீரில் நனையுங்கள். நனைக்காமல் இழுத்தால் உரசும் சூட்டில் நரம்பு பலம் இழக்கும். பிறகு இரண்டு நீண்ட பக்கங்களையும் நிதானமாக இழுங்கள். இரு முடிச்சுகளும் நகர்ந்து வந்து ஒன்றோடொன்று முட்டி நிற்கும். ஒவ்வொரு முடிச்சையும் இன்னொரு முறை இறுக்கிவிட்டு நுனிகளை வெட்டுங்கள். பின்னல் நூலின் நுனியில் மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். அது சற்று உள்ளே இழுபடும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. மிக மெல்லிய பின்னல் நூலை மிகத் தடித்த நரம்போடு இணைக்காதீர்கள். முடிச்சு சரியாக உட்காராது. நரம்பு 0.28 அல்லது 0.30 மி.மீ. போதும். அடுத்து, பின்னல் நூலைச் சுற்றும்போது ஈரத் துணியால் பிடித்து, சீரான இறுக்கத்தில் சுற்றுங்கள். தளரச் சுற்றினால், மீன் இழுக்கும்போது மேல் சுற்று கீழ் சுற்றுக்குள் புதைந்து சிக்கும். நரம்பை மட்டும் அளவுக்கு மீறி இழுத்துச் சுற்றக் கூடாது. அது பின்னால் சுருங்கி, பிளாஸ்டிக் ஸ்பூலாக இருந்தால் நெருக்கி உடைத்துவிடும்.

நரம்பு கைவசம் இல்லாத அவசரத்துக்கு, ஸ்பூலின் மேல் எலக்ட்ரிக் டேப்பை ஒரு சுற்று ஒட்டி அதன் மேல் பின்னல் நூலைக் கட்டலாம். வழுக்கலை அது தடுக்கும். சில புதிய ரீல்களில் இதற்காகவே ரப்பர் பட்டை வைத்து வருகிறது. ஆனால், நிரந்தர வழி அடி நரம்புதான்.

எங்கே அறுபட வேண்டும்?

இதுவரை சொன்னது தூண்டில்காரர் அறிய வேண்டியது. குட்டைக்காரர் அறிய வேண்டியது இனிதான் வருகிறது.

தூண்டிலில் நூல் என்றைக்காவது ஒருநாள் அறுபடத்தான் செய்யும். கேள்வி, எங்கே அறுபடுகிறது என்பதுதான். மோட்டார் ஸ்டார்ட்டரில் ஃபியூஸ் வைக்கிறோம். கோளாறு வந்தால் ஃபியூஸ் போகட்டும், மோட்டார் பிழைக்கட்டும் என்பதற்காக. மிகப் பலவீனமான இடம் எது என்பதை நாமே முடிவு செய்து வைக்கிறோம். தூண்டிலும் அப்படித்தான் அமைய வேண்டும்.

கடல் மீனவர்கள் இதை எப்போதோ அறிந்தவர்கள். ஆயிரங்கால் தூண்டிலில் தாய்க்கயிறு தடிமனாக இருக்கும். அதிலிருந்து தொங்கும் கிளை நரம்பு மெலிதாக இருக்கும். கிளை ஒன்று பாறையில் மாட்டினால் அது மட்டும் போகும். தாய்க்கயிறு திரும்பி வரும்.

குட்டையிலும், முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் நரம்பு, பின்னல் நூலைவிட வலிமை குறைந்ததாக இருக்க வேண்டும். அறுபட்டால் அங்கே அறுபடும். மீனின் வாயில் முள்ளும் ஒரு முழ நரம்பும் மட்டும் தங்கும். அந்த மீன் பிழைக்க வாய்ப்புண்டு. அதற்கு மாறாக, அடியில் கட்டிய முடிச்சே பலவீனமாக இருந்தால், அல்லது அடி முடிச்சே இல்லாமல் நூல் வழுக்கினால், நூறு மீட்டரும் குட்டைக்குள் போகும். ரீலின் அடியில், கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் முடிச்சு உங்கள் குட்டையைப் பாதிப்பது இப்படித்தான்.

போன நூல் அங்கேயே கிடக்கும். நெல் வைக்கோல்போல் மக்காது. பாலிஎத்திலீன் இழை தண்ணீரில் ஊறினாலும் நெடுங்காலம் அழியாமல் கிடக்கும். மிதக்கும் இழை என்பதால் கரையோரப் புல்லில் வந்து ஒதுங்கும். அங்கே மேயும் ஆடு, மாடு புல்லோடு சேர்த்து விழுங்கினால் குடலில் சிக்கும். குட்டைக்கு வரும் கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா ஆகியவற்றின் காலில் சுற்றினால் இரத்த ஓட்டம் நின்று கால் போகும். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் உள்ள மாவட்டத்தில் நாம் விவசாயம் செய்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. அறுவடைக்கு இழுவலை போடும்போது அந்த நூல் வலையில் சிக்கி வலையைக் கிழிக்கும். மோட்டார் ஃபுட் வால்வில் போய் அடைக்கும்.

என் யோசனை: குட்டையில் பின்னல் நூல் எதற்கு?

ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். ஒன்று முதல் மூன்று கிலோ எடையுள்ள கெண்டை மீன்களைப் பிடிக்க, அரை ஏக்கர் குட்டையில், பின்னல் நூல் தேவையே இல்லை. 0.28 முதல் 0.30 மி.மீ. நைலான் நரம்பு போதும். நரம்பு நீளும் தன்மை உடையது. மீன் திமிறும்போது வாய் கிழியாமல் அது காக்கிறது. பின்னல் நூல் கடலில், ஆழத்தில், பாறைக்கிடையில் உதவுவது. அங்கே அது சிறந்த சரக்கு. நம் குட்டைக்கு அது மிகை.

எனவே, குட்டைக்காரர்களுக்கு முதல் யோசனை: நீங்களே பத்துக் கம்பும் சாதாரண ரீலும் வாங்கி, நைலான் நரம்பு சுற்றி வைத்து, வருபவர்களுக்கு வாடகைக்குக் கொடுங்கள். மழுங்கிய முள், உரிந்த நரம்பு ஆகியவற்றை நீங்களே மாற்றலாம். முள்ளின் உள்வளைவில் இருக்கும் சிறு எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீனும் எளிதில் விடுபடும், வந்தவர் கையில் குத்தினாலும் சுலபமாக எடுக்கலாம்.

இதற்கு மறுப்பு வரும். "ஆயிரக்கணக்கில் பணம் போட்டுச் சொந்த ரீல் வாங்கியவர் அதைத்தான் கொண்டுவருவார். வேண்டாம் என்றால் அடுத்த குட்டைக்குப் போய்விடுவார்" என்று ஒரு விவசாயி என்னிடம் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வரும் வாடிக்கையாளரை விரட்டச் சொல்லவில்லை. சொந்த ரீலை அனுமதியுங்கள். ஆனால் வாசலில் சோதித்து அனுமதியுங்கள். பால் சொசைட்டியில் பாலைச் சோதிக்காமல் ஊற்றுகிறோமா? அதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சோதனை இரண்டு நிமிடம்தான். ஒன்று: "அடியில் நரம்பு சுற்றியிருக்கிறதா?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால், டிராக் திருகை முழுவதும் இறுக்கச் சொல்லி, துணியால் நூலைப் பிடித்து மெல்ல இழுங்கள். வெறுங்கையால் இழுக்காதீர்கள், பின்னல் நூல் பிளேடுபோல் வெட்டும். ஸ்பூல் நிற்க, நூல் மட்டும் சுழன்றால் அடி நரம்பு இல்லை என்று பொருள். இரண்டு: முள்ளுக்குப் பக்கத்தில் வலிமை குறைந்த ஒரு மீட்டர் நரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று: முள்ளின் எதிர்முள்ளை நசுக்கச் சொல்லுங்கள்.

சோதனையில் தேறாத ரீலைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஒரு சுருள் 0.30 மி.மீ. நரம்பு வாங்கிக் கொட்டகையில் வையுங்கள். அங்கேயே நூலை உருவி, அடி நரம்பு கட்டி, மேலே சொன்ன முடிச்சால் இணைத்துக் கொடுங்கள். நரம்புக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. வந்தவர் நன்றியோடு போவார்; அடுத்த வாரம் நண்பர்களையும் அழைத்து வருவார். வெட்டிய நூல் துண்டுகளைப் போட மூடியுள்ள ஒரு டப்பாவைக் கரையில் வைத்து, நாள் முடிவில் அதைப் பத்திரமாக அப்புறப்படுத்துங்கள். எரிக்க வேண்டாம்.

இன்னும் சில எச்சரிக்கைகள்

தூண்டில்காரர்களை ஈர்க்க வேண்டும் என்பதற்காக ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் குட்டையில் விடாதீர்கள். அது நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன். சண்டை போடும் மீன் வேண்டும் என்றால், உவர்நீர் கிடைக்கும் கடலோரக் கிராமத்தவர் கொடுவா வளர்ப்பது பற்றி விசாரிக்கலாம். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997-இல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து காட்டிய நிறுவனம். அடையாறு கழிமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நேரில் போய்க் கேட்கலாம்.

அடையாறு, கூவம் ஆகியவற்றில் பிடித்த மீனையோ, அங்கே நனைத்த கைவலையையோ உங்கள் குட்டைக்குள் இறக்க அனுமதிக்காதீர்கள். மீன் பேனும் நோயும் அப்படித்தான் வரும். கருவிகள் வெயிலில் நன்கு காய்ந்தவையாக இருக்கட்டும். விடியற்காலையில் குட்டையில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். அந்நேரம் போராடிக் களைத்த மீன் தேறுவது கடினம். வெயில் ஏறிய பிறகே தூண்டில் போட விடுங்கள். பிடித்த மீனை விடுவது, மறுபடி பிடிப்பது என்ற விளையாட்டைவிட, பிடித்ததை எடை போட்டு விற்பதே குட்டைக்காரருக்கும் மீனுக்கும் நல்லது என்பது என் எண்ணம்.

சொந்தப் பட்டா நிலத்துக் குட்டைக்குத்தான் இத்தனையும். ஊர் ஏரியில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுவது. உரிய அனுமதி இல்லாமல் அங்கே ஆட்களை அழைத்துத் தூண்டில் போட வைக்காதீர்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

வேளாண்மை, தோட்டக்கலை, மீன்வளம் என்று எந்தத் துறையில் இருந்தாலும், பண்ணைக்குட்டை அமைக்க விவசாயிக்கு வழிகாட்டும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் பயிரியல் படித்தவன். தூண்டில் என் துறை அல்ல. அந்த அரை ஏக்கர் குட்டையில் நின்று பார்த்த அன்று, விவசாயிக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. டிராக் கோளாறு என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு பட்டினப்பாக்கத்தில் தூண்டில் போடும் ஒரு பெரியவரிடம் கேட்டபோது, ரீலைக் கையில்கூட வாங்காமல், "அடியில நரம்பு போட்டிருக்க மாட்டாங்க சார்" என்றார். அவருக்கு அது எழுத்தறிவு போல. நமக்குத் தெரியவில்லை.

விவசாயி புதிதாக ஒரு வருமானத்தில் கால் வைக்கும்போது, அதனோடு வரும் புதிய கருவிகளையும் நாம் படிக்க வேண்டும். சொட்டுநீர் வந்தபோது குழாய் இணைப்பையும் வடிகட்டியையும் கற்றோம். கத்தரியைச் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டும் முறை வந்தபோது ஒட்டுக்கத்தியைப் பிடிக்கக் கற்றோம். எல்லாவற்றிலும் இரண்டு வேறு பொருள்களைச் சேர்க்கும் இடம்தான் முதலில் கெட்டது. அந்த இடத்தைச் சரியாகச் செய்தவர்தான் லாபம் பார்த்தார். அடுத்த பண்ணைக்குட்டைப் பயிற்சியில் ஒரு ரீல், ஒரு சுருள் நரம்பு, கொஞ்சம் பின்னல் நூல் கொண்டு போங்கள். அரை மணி நேரத்தில் முப்பது விவசாயிகளுக்கு முடிச்சைக் கற்றுக் கொடுத்துவிடலாம்.

விவசாயிகளே, இந்த ஞாயிறு உங்கள் குட்டைக்கு யாராவது பளபளக்கும் ரீலோடு வந்தால், டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டு முதலில் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "அடியில் நரம்பு இருக்கிறதா?"